ஏவாளுக்கும் ஆதாமுக்கும் ஒரே சொல்

போன மாதம் எங்கள் பகுதிக் கிளினிக்கில் வேலை செய்யும் இளம் மருத்துவிச்சி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு முறைப்பாடு.

"அன்ரி, நோவைக் குறைக்கிற ஊசி போடச் சொல்லிக் கேக்கிற பிள்ளையளை மாமிமார் ஏசுகினம். 'நாங்கள் ஊசியோட தான் பெத்தனாங்களோ' எண்டு கேக்கினம். அந்தப் பிள்ளையளும் வெக்கப்பட்டு வேண்டாமெண்டு சொல்லிப்போடுதுகள். உங்கட காலத்தில என்ன செய்தனீங்கள்?"

எங்கள் காலத்தில் ஊசி இல்லை, குளோரோபோம் என்ற மயக்க மருந்து இருந்தது என்றேன். அதை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கு ஒன்று ஒருநாள் கட்டைபறிச்சானில் நடந்தது என்றும் சொன்னேன். அவள் போகாமல் இருந்து முழுவதையும் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சல்லி என்ற கடலோர ஊரில் பிறந்தவள். பெயர் பரமேஸ்வரி. தகப்பனாருக்குக் கரைவலை இழுத்து மீன்பிடிக்கும் தொழில். எட்டாம் வகுப்பு வரை திருகோணமலைப் பட்டணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படித்தேன். அந்த இங்கிலிஷின் தயவில் கொழும்பில் மருத்துவிச்சிப் பயிற்சிக்கு எடுத்தார்கள். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதியையும் நான் உண்மையில் கற்றது பட்டணத்துக்குத் திரும்பி வந்த பிறகு, தங்கமணி மிஸியிடம்தான்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரி. கலியாணம் செய்யாதவர். பிள்ளைப்பேற்று வாட்டுக்குத் தலைமை மருத்துவிச்சி. தாதிமாரையும் மருத்துவிச்சிமாரையும் எங்கள் பக்கம் மிஸி என்பார்கள், இவரை எல்லோரும் 'பெரிய மிஸி' என்போம். உரத்துப் பேசியதை நான் கேட்டதில்லை. பேசாமல் வந்து நின்றாலே போதும், நாங்கள் கழுவிய கையைத் திரும்பவும் கழுவுவோம்.

முதல் நாள் என்னைக் கை கழுவச் சொன்னார். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றேன். ஒரு வெள்ளைத் துணியை நீட்டினார். அதில் நகங்களை உரச வேண்டும். மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் வாளியைக் காட்டினார். நான்காம் முறைதான் துணி வெள்ளையாக இருந்தது. "இனி நீ ஒரு தாயைத் தொடலாம்" என்றார்.

அடுத்தது கையை வயிற்றில் வைக்கும் விதம். அழுத்தக் கூடாது, தட்டையாக வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நோ வரப் போவதைத் தாய் உணர்வதற்குக் கொஞ்சம் முன்பே கை உணர்ந்துவிடும். வயிறு மெல்லக் கல்லாகும். "உன்ர கை அவளுக்கு முந்திச் சொல்லவேணும்" என்பார். பிறகு மரக் குழல். அதன் அகன்ற வாயை வயிற்றிலும் மறு முனையைக் காதிலும் வைத்துப் பிள்ளையின் இதயத்தைக் கேட்போம். முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி எழுதிய ஒருத்தியை, அவர் ஒரு கிழமை வாட்டுக்குள்ளேயே விடவில்லை.

நோவில் துடிக்கும் பெண்களிடம் அவர் கடுமையாக நடந்தவரில்லை. கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்து, அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார். நகம் பதிந்து இரத்தம் கசிந்தாலும் கையை இழுக்க மாட்டார். ஆனால் குளோரோபோம் மட்டும் கேட்கக் கூடாது. அது மருந்து அலுமாரியின் மேல் தட்டில் நீலப் போத்தலில் இருந்தது. வேறு இடங்களில் கடினமான பேறுகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று பயிற்சியில் படித்திருந்தேன். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"அது வயிறு வெட்டுறதுக்கு, பரமேசு. பிள்ளை பெறுறதுக்கு இல்லை. இந்த வேதனை ஏவாளுக்கு விதிச்சது. நாங்கள் ஏவாளின்ர பிள்ளையள். அதை மறைக்க மருந்து குடுக்கிறது ஆண்டவரோட வழக்காடுற மாதிரி."

நான் சைவப் பெண். விலக்கிய கனியைத் தின்றதற்காக, வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று கடவுள் சொன்ன முதல் பெண் ஏவாள் என்பதைப் பள்ளிக்கூடப் பாடத்தில்தான் தெரியும். பெரிய மிஸி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு யுத்தம் துறைமுகத்துக்கு வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் இருக்க, ஒரு காலை ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை நாட்கணக்காக நின்றது. பட்டணம் வெறிச்சோடிப் போனது. கர்ப்பிணிகள் குண்டுக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள் அல்லவா? பாதிப் பேர் குடாவுக்கு அக்கரை போய்விட்டார்கள். எங்களையும் அவர்களுக்குப் பின்னால் அனுப்பினார்கள். மூதூர் வரை வள்ளத்தில், அங்கிருந்து மாட்டு வண்டியில் கட்டைபறிச்சான். தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு கட்டில்களைப் போட்டு வாட்டாக்கினோம். கரும்பலகையில் வாய்ப்பாடு அப்படியே இருந்தது. அதன் கீழே பெரிய மிஸி பேற்று நேரங்களைக் குறித்தார். நீலப் போத்தலும் எங்களோடு வந்தது, பழந்துணியில் சுற்றி, திறக்கப்படாமல்.

அங்கே போய் ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் விடியற்காலை தோப்பூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. உள்ளே அன்னம் என்ற பெண். வண்டியோடு நடந்து வந்தவர் அவளுடைய கணவர் சாலமோன். இடம்பெயர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபம் நடத்தும் உபதேசியார். ஒல்லியான, மரியாதையான மனிதர். வேதாகமத்தில் எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார் என்று வண்டிக்காரர் பெருமையாகச் சொன்னார்.

அன்னத்துக்கு முதல் நாள் மத்தியானமே நோ தொடங்கிவிட்டது. பெரிய மிஸி பரிசோதித்தார். தலை கீழேதான் இருந்தது, ஆனால் முகம் தவறான பக்கம் திரும்பியிருந்தது. அது தானாகத் திரும்பினால் நல்லது. காத்திருந்தோம். பத்து மணியாயிற்று, பதினொன்றாயிற்று. திரும்பவில்லை. நோ வரும்போது அவள் கத்தினாள். பெரிய மிஸி அவள் கையைப் பிடித்தபடி, "பொறு பிள்ளை, இது எங்களுக்கு விதிச்சது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானமளவில் அன்னத்துக்குக் கத்தவும் பலமில்லை. நான் குழலை வைத்து எண்ணினேன். காலையில் நூற்று நாற்பது இருந்த துடிப்பு நூற்றுப் பத்தாகியிருந்தது. திரும்பவும் எண்ணினேன். நூற்றெட்டு. பெரிய மிஸியிடம் காட்டியபோது அவர் முகம் மாறியது.

அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம், கடற்படை டொக்டர் ஒருவர் பள்ளிக்கூடத்து முற்றத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். லெவின் என்று பெயர். முப்பது வயது இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்துபோயிருந்தது. நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பார்த்தார். இடுக்கிபோன்ற ஆயுதம் போட்டுத் தலையைத் திருப்பி எடுக்கலாம் என்றார். ஆனால் தாயின் உடம்பு முழுதாகத் தளர வேண்டும். "குளோரோபோம் இருக்கிறதா?"

இருக்கிறது என்று பெரிய மிஸி தலையசைத்தார். அதற்குள் நான், வாசலருகே குந்தியிருந்த உபதேசியாருக்குத் தமிழில் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து நின்றார். "வேண்டாம், மிஸி. அது மட்டும் வேண்டாம்."

"ஏன் ஐயா?"

அவருக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வேறோர் ஊரில் அன்னத்துக்கு முதல் பிள்ளை. அப்போதும் பேறு நீண்டது, மயக்க மருந்து கொடுத்தார்கள். பிள்ளை செத்துப் பிறந்தது. சபையில் மூப்பர் ஒருவர் இவரைக் கூப்பிட்டு, தேவன் வைத்த வேதனையிலிருந்து பெண்சாதியை ஒளிக்கப் பார்த்தாய், அதுதான் பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறார். இவர் அதை நம்பினார். கட்டிலில் கிடந்த அன்னமும் நம்பினாள்.

"எனக்கு வேண்டாம், மிஸி" என்றாள் கண்ணைத் திறக்காமல். "இந்தப் பிள்ளையையும் கொண்டுபோயிடுவார்."

நான் பெரிய மிஸியைப் பார்த்தேன். அவர்தான் இப்போது ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் அவர் என்ன சொல்ல முடியும்? அதே கதையைத்தானே அவரும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். 

டொக்டருக்கு விஷயத்தை மொழிபெயர்த்தேன். அவர் ஆயுதங்களைக் கொதிநீரில் போட்டபடியே, யாருக்கும் சொல்லாததுபோல இங்கிலிஷில் முணுமுணுத்தார்: "அவர் 'வேதனை' என்கிற அந்தச் சொல்லைப் பிழையாக விளங்கியிருக்கிறார்."

பெரிய மிஸிக்கு இங்கிலிஷ் நன்றாகத் தெரியும். "டொக்டர், வேதத்தில் உள்ள சொல் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சற்றுச் சூடாகவே கேட்டார்.

"நான் யூதன், மிஸி. நான் முதலில் வாசிக்கப் பழகியதே அந்தப் புத்தகத்தில், அந்த எழுத்தில்தான். இப்போது ஜெபம் செய்வதில்லை. ஆனால் சொற்கள் மறக்கவில்லை."

 நான் உபதேசியாரிடம், "ஐயா, இவர் யூதராம். உங்கட வேதத்தை எபிரேயத்திலேயே படிச்சவராம்" என்றேன். அந்த மனிதர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தான் வாழ்நாள் முழுவதும் வாசித்த புத்தகத்துக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து, வியர்வை வடிய முன்னால் வந்து நின்றால் எப்படியிருக்கும்? அப்படிப் பார்த்தார்.

"கேளுங்கோ மிஸி" என்றார். "அந்தச் சொல் என்னெண்டு கேளுங்கோ."

டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கால் மணித்தியாலம் தரலாம். அதற்கு மேல் பிள்ளை தாங்காது." பிறகு சொன்னார்: "இட்சாவோன்."

அன்றைக்கு நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். என் காது ஒன்று டொக்டரிடம், மற்றது குழலில். நூற்றைந்து.

ஏவாளுக்குச் சொன்ன இடத்தில் இருப்பது இந்தச் சொல்தான், கூடவே அதே வேரில் பிறந்த இன்னொன்றும் இருக்கிறது என்றார் டொக்டர். பேற்று நோவின் குத்துக்கு எபிரேயத்தில் வேறு சொற்கள் உண்டு. இந்த இடத்தில் அவை இல்லை. இது துக்கம், பாடு, மாய்ந்து உழைக்கும் உழைப்பு எல்லாம் சேர்ந்த சொல். "அடுத்த வசனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதாமுக்குச் சொன்ன இடத்தை."

உபதேசியார் மடியில் செருகியிருந்த சின்ன வேதாகமத்தை எடுத்து, இரண்டு இடத்திலும் விரலை வைத்தார். "ஏவாளுக்கு 'வேதனை' எண்டு கிடக்கு. ஆதாமுக்கு 'வருத்தம்' எண்டு கிடக்கு."

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் காய்ச்சல், தலையிடி. "ஆதாமுக்கு வருத்தமோ?" என்று நான் விழித்தேன்.

"அந்த வருத்தம் இல்லை, மிஸி. நிலத்தைக் கொத்தி, முள்ளுப் பிடுங்கி, உடம்பு முறியப் பாடுபடுறது."

"அவருக்குச் சொல்லுங்கள்," என்றார் டொக்டர், "இரண்டு இடத்திலும் ஒரே சொல். இட்சாவோன்.  பெண்ணுக்கு விதித்ததைத்தான் ஆணுக்கும் விதித்திருக்கிறது."

சொன்னேன். உபதேசியார் விரலை எடுக்கவில்லை. தமிழில் இரண்டாகக் கிடந்ததை ஒன்றாக்கிப் பார்க்க முயல்வதுபோல உதடுகள் அசைந்தன.

"மூன்றாவது தடவையும் வரும். நோவாவுக்கு அவன் தகப்பன் பேர் வைக்கிற இடத்தில்."

இதற்கு உபதேசியாருக்குப் பக்கம் புரட்ட வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடினார், உள்ளுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார். "அதில 'பிரயாசம்' எண்டு வரும். கைப் பிரயாசம். இந்தப் பிள்ளை எங்களை அதில தேத்துவான் எண்டு தகப்பன்..." அவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"என்ன ஐயா?"

"தேத்துவான் எண்டு சந்தோஷப்படுறார், மிஸி. அந்தச் சொல்லிலயிருந்து ஆறுதல் வரப்போகுது எண்டு சந்தோஷப்படுறார். அதை ஆண்டவர் குற்றமெண்டு சொல்லேல்ல."

அப்போதுதான் அன்னத்தின் குரல் கேட்டது. ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் இடையில், மூச்சு வாங்கியபடி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"இஞ்சருங்கோ. ஆதாமுக்கு விதிச்ச பாட்டுக்கு நீங்கள் எல்லாரும் மாடு பூட்டி உழுறியள். கிணத்துக்குத் துலா போட்டுத் தண்ணி இறைக்கிறியள். அதை ஆரும் பாவமெண்டு சொல்லேல்ல. ஒரே சொல்லெண்டா... எனக்கு மட்டும் ஏன்?"

 உபதேசியார் கட்டிலருகே முழந்தாளில் இருந்தார்.

"அப்ப, அந்தப் பிள்ளை?" அன்னம் இதை மெல்லக் கேட்டாள். "அது என்னால போகேல்லையோ?"

"இல்லை, அன்னம். இல்லை. நான்தான் ஆரோ சொன்னதைக் கேட்டு உனக்குச் சொன்னனான். உனக்குச் சம்மதமோ?"

"ஓம். தரச் சொல்லுங்கோ. எனக்கு இனி ஏலாது."

அடுத்து நடந்தது எனக்கு எதிர்பாராதது. பெரிய மிஸி என்னைப் போத்தலை எடுக்கச் சொல்லவில்லை. தானே பெட்டியைத் திறந்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, முத்திரையை உடைத்தார். உபதேசியாரை வெளியே அனுப்பினார். கம்பிச் சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி அன்னத்தின் மூக்குக்கு மேல் பிடித்துக்கொண்டு, துளித்துளியாக விட்டார். ஒரு கை துளி விட்டது, மறு கையின் விரல் தாடையடியில் நாடியைப் பார்த்தது. "மூச்சை இழு பிள்ளை. இன்னும். இன்னும் ஒருக்கா." இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு பேற்றுக்கும் அதைத் தொடாத கை, ஒரு துளியும் கூட்டாமல் குறைக்காமல் விட்டது. எப்படிச் செய்வதென்று அவருக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

டொக்டர் இரண்டு அகப்பைபோன்ற ஆயுதத்தை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். அவசரப்படவில்லை. மெல்லத் திருப்பினார், காத்திருந்தார், இழுத்தார், காத்திருந்தார். நான் வயிற்றில் கை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்: வருகிறது, வருகிறது, இப்போது. பிள்ளை வந்தது. பெண். நீலமாக, துவண்டுபோய். நான் வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து, முதுகைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பவும் தேய்த்தேன். தும்மியது. பிறகு அழுதது பாருங்கள், அப்படி ஓர் அழுகை! வெளியே தடுப்பூசிக்கு நின்ற சனம் முழுவதும் கைதட்டியது.

டொக்டர் தரையில் குந்தினார். உரிந்த மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்னம் கண் விழிக்க அரை மணித்தியாலம் ஆனது. அதற்குள் பிள்ளை துணிக்குள் சுருண்டு உறங்கிவிட்டது. பெரிய மிஸி அதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அன்னம் பார்த்தாள். தொடவில்லை.

"அழேல்லையோ?" என்றாள். "இதுவும் அழேல்லையோ?"

பெரிய மிஸி துணியை விலக்கி, அந்தச் சின்னப் பாதத்தின் அடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். பிள்ளை வீரிட்டது. "கேட்டியோ?" என்றார். இன்னொரு சுண்டு. "கேட்டியோ பிள்ளை? உனக்காக எழுப்பினனான்." அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சிரித்துக்கொண்டுமிருந்தார். வாசலில் நின்ற உபதேசியார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்னம் பிள்ளையை இழுத்து நெஞ்சில் போட்டு, "காணும் மிஸி, காணும், நோகப்போகுது" என்றாள். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பின்னேரம் டொக்டரை அழைத்துப்போகக் கரைக்குப் படகு வந்தது. அவருடைய பெட்டியை உபதேசியார் யாருக்கும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினார். "இச்சாவம்." டொக்டர் திருத்தினார். "இட்டசாவன்." திரும்பத் திருத்தினார். படகு தள்ளும்போது ஒருமுறை சரியாக வந்துவிட்டது. டொக்டர் தொப்பியை எடுத்து ஆட்டினார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. அவருடைய கப்பலுக்கு என்ன ஆனதென்றும் தெரியாது. நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்றே வைத்திருக்கிறேன்.

அன்றே பெரிய மிஸி பட்டணத்து மருந்துக் களஞ்சியத்துக்கு எழுதிப்போட்டார், இன்னும் இரண்டு போத்தல் வேண்டுமென்று. அதற்குப் பிறகும் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. அது ஆபத்தான மருந்து, மூச்சை நிறுத்திவிடும். ஆனால் கொடுப்பதா இல்லையா என்பதைத் தாயின் நாடியையும் பிள்ளையின் துடிப்பையும் பார்த்துத்தான் முடிவு செய்தார். முப்பது வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன். ஒருத்தி வேண்டாமென்றால் வற்புறுத்தியதில்லை. வேண்டுமென்றவளை வெட்கப்பட விட்டதுமில்லை.

ஆனால் அவருக்கு அந்த நாட்களில் மனம் சரியில்லாமல் இருந்தது எனக்குத் தெரியும். சாப்பாட்டை அளைந்துகொண்டே இருப்பார். ஒரு மத்தியானம் திடீரென்று சொன்னார்: "இருபத்திரண்டு வருஷம், பரமேசு. எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்." நான் தேத்தண்ணி ஊற்றி அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். 

பத்தாம் நாள் அன்னம் வீட்டுக்குப் போக ஆயத்தமானாள். பிள்ளையைக் குளிப்பாட்டச் சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்திருந்தேன். பெரிய மிஸி வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். தாய்மாரின் கட்டிலில் அவர் இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, கதிரையில்தான் இருப்பார்.

"அண்டைக்குக் காலைமை நீ கத்தேக்க, பொறு, இது விதிச்சது எண்டு நான் திருப்பித் திருப்பிச் சொன்னனான்," என்றார். "பிழையாச் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

அன்னம் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"நீங்கள் சொன்னது ஒண்டும் எனக்குக் கேக்கேல்ல, மிஸி," என்றாள். "விடியத் தொடங்கி நீங்கள் என்ர கையை விடேல்ல. அது மட்டும்தான் தெரியும்."

பெரிய மிஸி தன் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, சட்டிக்குள் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார்.

"சரி, பிள்ளையை இஞ்ச தா," என்றார். "தண்ணி ஆறப்போகுது."